மாங்கொட்டைக் கரியால் ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடைக் குறைக்க முடியுமா?

கேள்வி: மேட்டுக்காட்டு உழவர், பென்னாகரம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஏறத்தாழ அறுபது பிள்ளைகள் படிக்கிறார்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்குள் வந்திருந்தாலும் பள்ளி மேட்டில் இருப்பதால் கோடையில் அந்த நீர் அங்கு ஏறுவதில்லை. அந்த மாதங்களில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வளாகத்திலுள்ள ஆழ்துளைக் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறோம். அந்த நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3.8 மி.கி., பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 8.2, காரத்தன்மை கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் 420 மி.கி., கால்சியம் 18 மி.கி. என்று வந்துள்ளது. மேல் வகுப்புப் பிள்ளைகள் பலருடைய முன்பற்களில் பழுப்புக் கோடுகள் விழுந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

எங்கள் உழவர் குழுவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளிலிருந்து மாங்கொட்டை மலிவாகக் கிடைக்கிறது. நிலக்கடலைத் தோலுக்கும் குறைவில்லை. வேளாண் கழிவிலிருந்து செய்த கரி தண்ணீரிலுள்ள ஃபுளோரைடில் 90 விழுக்காட்டை நீக்கியதாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தோம். அதை நம்பி, மூடிய இரும்புப் பீப்பாயில் மாங்கொட்டையைக் கரியாக்கி, இடித்துச் சலித்து, நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் நிரப்பித் தண்ணீரை விட்டுப் பார்த்தோம். முதலில் வந்த நீர் மஞ்சளாக, கையில் வழவழப்பாக இருந்தது, அதன் பி.எச். 9.5-ஐத் தாண்டியிருந்தது. நிறம் தெளிந்த பிறகு சோதனைப் பெட்டியில் பார்த்தபோது ஃபுளோரைடு அளவு கிணற்று நீரில் இருந்ததைப் போலவே இருந்தது. கரி செய்யும் முறையில் குறையா, அல்லது எங்கள் தண்ணீருக்கு இந்த வழியே ஒத்துவராதா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வேதியியல் ஆசிரியர், சேலம்

ஐயா, தங்கள் குழாயில் நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். தாங்கள் தந்துள்ள நீராய்வு எண்களிலேயே அதற்கான விடை இருக்கிறது.

தூய கரிக்கு ஃபுளோரைடின் மீது பெரிய நாட்டமில்லை. நிறம், மணம், குளோரின், பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றைக் கரி பிடித்துக்கொள்கிறது என்பதால் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஃபுளோரைடு மிகச் சிறிய எதிர்மின் அயனி. தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் போர்த்திக்கொண்டிருப்பதால் நீரை விட்டு எளிதில் வெளியேறாது. கரியின் பரப்பு நேர்மின்சுமை பெற்றிருந்தால்தான் அது அங்கே ஒட்டும், அந்த நேர்மின்சுமையோ அமிலத்தன்மையுள்ள நீரில்தான் உண்டாகும். பீப்பாயில் குறைந்த வெப்பத்தில் சுட்ட கரியின் மேல் ஆக்சிஜன் கொண்ட அமிலக் குழுக்கள் நிறைய இருக்கும், அவை 8.2 பி.எச். உள்ள நீரில் எதிர்மின்சுமை பெற்று ஃபுளோரைடை விலக்கித் தள்ளும். இது புதிதாகத் தெரிந்த செய்தியும் அன்று. 1934-இலேயே மெக்கீ, ஜான்ஸ்டன் என்ற இருவர் தூள் கரியால் ஃபுளோரைடை நீக்க முயன்று, பி.எச். 3 அளவிலோ அதற்குக் கீழோதான் நல்ல பலன் கிடைக்கிறது என்று எழுதிவைத்தார்கள்.

இரண்டாவது தடை, தங்கள் நீரின் காரத்தன்மை. 3.8 மி.கி. ஃபுளோரைடு என்பது லிட்டருக்கு 0.2 மில்லிமோல், 420 மி.கி. காரத்தன்மை என்பது ஏறத்தாழ 8.4 மில்லிமோல் பைகார்பனேட்டு. அதாவது ஒரு ஃபுளோரைடு அயனிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பைகார்பனேட்டு அயனிகள் அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. தங்கள் மாவட்டத்தின் கருங்கல், நைஸ் எனும் வரிப்பாறை ஆகியவற்றில் கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட்டு மிகுந்த நீர் நெடுங்காலம் தங்கும்போது, பாறையிலுள்ள ஃபுளோரைடு மேலும் கரைந்து சேர்கிறது. கால்சியம் மிகுந்திருந்தால் அது கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றிருக்கும். எனவே ஃபுளோரைடு மிகுந்த நீரும் காரத்தன்மை மிகுந்த நீரும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன, கரி எந்த நீரில் தோற்குமோ அந்த நீரில்தான் நமக்கு அதன் உதவி தேவைப்படுகிறது.

அமிலம் சேர்த்துப் பி.எச்.-ஐ இறக்கலாமே என்று தோன்றலாம். பி.எச். 5 அளவுக்கு இறக்கவே 20 லிட்டர் குடத்து நீருக்கு ஏறத்தாழ 13 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்படும், அதனால் குளோரைடு லிட்டருக்கு 280 மி.கி. அளவுக்குக் கூடும், பிறகு மீண்டும் காரம் சேர்த்துச் சமன் செய்யவும் வேண்டும். பிள்ளைகள் நடமாடும் பள்ளியில் அடர் அமிலத்தை வைத்துப் புழங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கட்டுரையில் படித்த 90 விழுக்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தகைய சோதனைகள் பலவும் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்து, பி.எச்.-ஐ வசதியான இடத்தில் நிறுத்தி, நிறையக் கரி போட்டுக் குலுக்கிச் செய்யப்படுபவை. அந்த நீரில் பைகார்பனேட்டு இல்லை. ஓர் எடுத்துக்காட்டுக்கு, லிட்டருக்கு 10 மி.கி. ஃபுளோரைடு உள்ள நீரில் 10 கிராம் கரி போட்டு 90 விழுக்காடு நீங்கியதாக வைத்துக்கொண்டால், ஒரு கிராம் கரி பிடித்தது 0.9 மி.கி. மட்டுமே. விழுக்காட்டை விட்டுவிட்டு, ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்பதையும், அதுவும் வெளியேறும் நீரில் ஃபுளோரைடு 1 மி.கி. என்ற ஏற்கத்தக்க அளவில் இருக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அடர்ந்த கரைசலில் அளந்து, சமன்பாட்டில் பொருத்திச் சொல்லும் உச்சத் திறன் நம் குழாயில் கிடைக்காது.

தங்கள் பள்ளிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று கொண்டால், 3.8-இலிருந்து 1.0-க்குக் குறைக்க நாள்தோறும் 420 மி.கி. ஃபுளோரைடை நீக்க வேண்டும். கரியின் திறன் கிராமுக்கு 0.3 மி.கி. என்றால் ஒரு நாளைக்கு 1.4 கிலோ கரி செலவாகும். 200 பள்ளி நாட்களுக்கு 280 கிலோ. திறன் 2 மி.கி. ஆக உயர்ந்தால் அதே வேலைக்கு 42 கிலோ போதும். தங்கள் குழுவால் தாங்கக்கூடியது இரண்டாவது கணக்குதான், ஆனால் வெறும் மாங்கொட்டைக் கரி அந்த இடத்துக்கு வராது.

பதில்: காங்கயம் கரித்தொழிலாளி

ஆசிரியர் ஐயா சொன்னதோடு கரி செய்யும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் தொட்டாங்குச்சியைக் கரியாக்கி, பிறகு 800 முதல் 1000 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவி செலுத்திக் கிளர்வூட்டுகிறார்கள். நுண்துளைகள் திறப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். மூடிய பீப்பாயில் கிடைப்பது முதற்கட்டக் கரி மட்டுமே. அதை எவ்வளவு நேரம் சுட்டாலும் கிளர்வூட்டிய கரி ஆகிவிடாது. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: கரியின் தரத்தைச் சொல்ல நாங்கள் பயன்படுத்தும் அயோடின் எண் (ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்ற அளவு) ஃபுளோரைடைப் பற்றி எதையும் சொல்லாது. அயோடின் எண் 1000 உள்ள முதல்தரக் கரியும் உங்கள் நீரில் ஃபுளோரைடை அப்படியே விட்டுவிடக்கூடும்.

முதலில் வந்த மஞ்சள் நீருக்கும் வழவழப்புக்கும் காரணம் கரியின் உள்ளே இருந்த சாம்பல்காரமும் முழுதாக வேகாத கீல்பொருளும் (தார் போன்ற பிசுக்கு)தான். மாங்கொட்டையை அப்படியே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொட்டையின் மேலோடு மரம் போன்றது, நல்ல கரி தரும். உள்ளே இருக்கும் பருப்பு மாவும் கொழுப்பும் நிறைந்தது. அது புகைந்து, ஒட்டும் கீலாக மேலோட்டுக் கரியின் துளைகளையும் அடைத்துவிடும். காய்ந்த கொட்டையின் விளிம்பில் அரிவாளை வைத்துத் தட்டினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். பருப்பை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் கரியாக்குங்கள். வெந்த கரியை ஒடித்தால் முறிவு கறுத்துப் பளபளக்க வேண்டும், விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பிறகு சலித்து, அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள குருணையை மட்டும் எடுத்து, கழுவிய நீரின் பி.எச். ஊற்றிய நீரின் பி.எச்.-க்கு வரும்வரை அலச வேண்டும். நிலக்கடலைத் தோல் கரி எடையற்றது, மிதக்கும், கையிலேயே பொடியும். குழாயில் நிரப்பினால் சில நாட்களில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நெல் உமிக் கரியில் கணிசமான பகுதி சிலிக்கா என்பதால் அதன் தன்மையே வேறு.

துத்தநாகக் குளோரைடு, பாஸ்பாரிக் அமிலம் ஆகியவற்றில் ஊறவைத்துக் கிளர்வூட்டும் முறைகளைச் சிலர் இணையத்தில் சொல்வார்கள். குடிநீருக்கான கரியை வீட்டு அடுப்பில் அப்படிச் செய்ய வேண்டாம். கழுவி நீங்காத எச்சம் தண்ணீரில் வரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பருப்போடுதான் சுட்டோம். வெறும் கரி போதாது என்பது விளங்குகிறது. கரியைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்தால் ஃபுளோரைடை நன்றாகப் பிடிக்கும் என்று பக்கத்து ஊர் நண்பர் சொல்கிறார். செய்து பார்க்கலாமா? பலன் இருக்கிறதா என்பதைச் சோதனைப் பெட்டியிலேயே தெரிந்துகொள்ளலாமா?

பதில்: நீராய்வகப் பணியாளர்

உங்கள் நண்பர் சொன்னதில் அறிவியல் உண்மை இருக்கிறது. ஃபுளோரைடுக்கு அலுமினியம், சிர்கோனியம், லாந்தனம் போன்ற உலோகங்களோடும் கால்சியத்தோடும் உறவு அதிகம். அவற்றின் ஆக்சைடோ ஹைட்ராக்சைடோ கரித்துளைகளில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தால், அந்தப் படலம்தான் ஃபுளோரைடைப் பிடிக்கிறது. கரி அதைப் பரவலாகத் தாங்கி நிற்கும் சட்டமாக உதவுகிறது. சிர்கோனியம் ஏற்றிய தொட்டாங்குச்சிக் கரி, அலுமினியம் ஏற்றிய கரி என்றெல்லாம் நம் நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்தவை இந்த வகையே. கென்யாவிலும் தான்சானியாவிலும் வழக்கத்தில் இருக்கும் எலும்புக்கரியை எடுத்துக்கொண்டாலும் இதுதான் நிலை: அதில் கரி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், மற்றதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்டு, ஃபுளோரைடைப் பிடிப்பதும் அந்தப் பாஸ்பேட்டுதான். வேளாண் கழிவுக் கரியைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லாததால்தான் உங்களைப் போன்ற நல்லெண்ணமுள்ள பலர் வெறும் கரியை நம்பி உழைப்பை வீணாக்குகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆனால் படிகாரத்தில் ஊறவைத்து அப்படியே நிரப்பினால் அலுமினியம் கரியோடு நிற்காமல் நீரோடு கழன்று வரும். ஊறிய கரியைச் சோடா உப்புக் கரைசலால் மெல்ல நடுநிலைக்குக் கொண்டுவந்து, அலுமினியத்தை ஹைட்ராக்சைடாகத் துளைகளுக்குள்ளேயே படியச்செய்து, உலர்த்தி, நன்றாகக் கழுவ வேண்டும். அப்படிச் செய்த பிறகும் வெளிவரும் நீரில் அலுமினியத்தை அளந்தாக வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மி.கி. வரை ஏற்கத்தக்கது, மாற்று நீர் இல்லாத இடத்தில் 0.2 மி.கி. வரை பொறுக்கத்தக்கது. ஃபுளோரைடுக்கு அதே தரம் 1.0, 1.5 என்று வரையறுக்கிறது. ஒன்றைக் குறைக்கப்போய் மற்றொன்றைக் கூட்டிவிடக் கூடாது.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அலுமினியம் கலந்த நீரில் சோதனைப் பெட்டி தவறாகக் காட்டும். பெட்டியில் உள்ள சாயம் சிர்கோனியத்தோடு இணைந்து நிறம் தருகிறது. நீரில் ஃபுளோரைடு இருந்தால் அது சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்வதால் நிறம் வெளுக்கிறது. அந்த வெளுப்பைத்தான் நாம் அட்டையோடு ஒப்பிடுகிறோம். நீரில் அலுமினியமும் இருந்தால் ஃபுளோரைடு அதனோடு பிணைந்துகொண்டு சாயத்தைத் தொடுவதில்லை, நிறம் வெளுக்காது, நீங்களும் ஃபுளோரைடு குறைந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுவீர்கள். உண்மையில் ஃபுளோரைடு நீரிலேயே இருக்கும், கூடவே அலுமினியமும் இருக்கும். அந்த நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிடக் கிணற்று நீரைக் கொடுப்பது மேல் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் கிணற்று நீரின் தீங்காவது நமக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆகவே ஃபுளோரைடு மின்முனை உள்ள ஆய்வகத்தில், பிணைப்பை அவிழ்க்கும் தாங்கல் கரைசல் சேர்த்து மொத்த ஃபுளோரைடை அளக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் எடுத்த நீரில் அலுமினியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் வரம்புக்குள் வந்தால்தான் அந்தக் கரி தேறியதாகக் கொள்ளலாம்.

முதல் குடத்து நீரை மட்டும் சோதிப்பதும் போதாது. புதுக்கரி முதல் நாளில் நன்றாகவே பிடிக்கும். நிறைந்த பிறகு அது வந்த நீரை அப்படியே விட்டுவிடும், நிறத்திலோ சுவையிலோ எந்த அடையாளமும் தெரியாது. எத்தனையாவது லிட்டரில் வெளிவரும் நீர் 1 மி.கி.-ஐத் தாண்டுகிறது என்று உங்கள் கிணற்று நீரைக்கொண்டே சிறு குழாயில் கண்டறிந்து, அந்த அளவில் பாதியைக் கடந்ததும் கரியை மாற்றிவிட வேண்டும். கழித்த கரியை வயலிலும் எருக்குழியிலும் போடாமல், மழைநீர் படாத மூடிய தொட்டியில் வைத்திருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, அலுமினியம் ஏற்றிய கரியைவிட ஆயத்தமாகக் கிடைக்கும் கிளர்வூட்டிய அலுமினாவே (நுண்துளைகள் கொண்ட அலுமினிய ஆக்சைடுக் குருணை) பள்ளிக்கு எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கும் சற்றே அமிலப் பக்கமுள்ள நீர்தான் ஏற்றது என்றாலும் அதன் செயல்பாடு நன்கு ஆராயப்பட்டது. காரமும் அமிலமும் கொண்டு மீட்டெடுக்கவும் முடியும். நாக்பூரில் உள்ள நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி) நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் நேரடியாக நீரில் சேர்க்கப்படுகின்றன. காரத்தன்மை மிகுந்த உங்கள் நீருக்குப் படிகாரம் மிகுதியாகத் தேவைப்படுவதோடு எஞ்சும் அலுமினியத்தையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

பதில்: வவுனியாவிலிருந்து

எங்கள் பக்கம் அனுராதபுரம் முதலான வறண்ட வலயத்திலும் கிணற்று நீரில் இதே தொல்லை உண்டு. அங்கே செங்கற் சூளையில் நன்கு வெந்த செங்கல்லின் சிறு துண்டுகளை நிரப்பி, நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறவிடும் வீட்டுச் சாதனத்தைப் பயன்படுத்தினார்கள். செங்கல்லில் உள்ள அலுமினிய, இரும்பு ஆக்சைட்டுகளே அங்கு வேலை செய்கின்றன. மேலே ஒருவர் விளக்கியதோடு இது பொருந்துகிறது. அதன் திறன் குறைவு, துண்டுகளைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும், ஒரு வீட்டுக்குப் போதுமே தவிர ஒரு பள்ளிக்குப் போதாது. கீழிருந்து மேலாக நீர் செலுத்தும் அமைப்பை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கரிக்குருணைக்கு இடையில் நீர் ஒரே வழியாக ஓடிவிடாமல் அது தடுக்கும்.

பதில்: வேதியியல் ஆசிரியர், சேலம்

நீராய்வகத்தார் சொன்ன அளவீட்டு எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். கரிச்சோதனை நடக்கும் மாதங்களில் பிள்ளைகள் எதைக் குடிப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும்.

நம் நாட்டில் குடிநீரால் வரும் ஃபுளோரைடு நோய் முதன்முதலில் மருத்துவ ஏட்டில் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலிருந்து. அன்று முதல் இன்று வரை எத்தனையோ வடிகட்டிகள் வந்து போனாலும், பெரிய அளவில் பலன் தந்தது ஃபுளோரைடு குறைந்த வேறு நீரைக் கொண்டுவருவதுதான். தங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் சப்பானிய நிதியுதவியோடு 2008-இல் தொடங்கி 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. அந்த நீர் பள்ளி மேட்டுக்கு ஏறுவதற்கு ஒரு தரைத்தொட்டியும் சிறு மோட்டாரும் போதுமா என்று ஊராட்சியில் முதலில் கேளுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு அதுவே கிட்டிய வழி.

அடுத்தது மழைநீர். தருமபுரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது. பள்ளிக்கூரை 100 சதுர மீட்டர் என்று கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கழித்தாலும் ஆண்டுக்கு 68,000 லிட்டர் சேரும். தங்களுக்குத் தேவை 200 நாட்களுக்கு 30,000 லிட்டர். குழாய் நீர் வராத கோடைக்கு மட்டும் என்றால் பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி ஒன்றே பெரும்பகுதியை ஈடுசெய்யும். முதல் மழையை வெளியேற்றிவிட்டுப் பிடித்து, குளோரின் சேர்த்துப் பயன்படுத்தலாம். கலந்தும் பயன்படுத்தலாம்: ஃபுளோரைடு இல்லாத மழைநீர் மூன்று பங்கு, கிணற்று நீர் ஒரு பங்கு என்று கலந்தால் 3.8 என்பது 0.95 ஆகிவிடும்.

கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அடர்த்தி கூடவே செய்யும். சோற்றிலும் சாம்பாரிலும் சேரும் நீர் அப்படியே வயிற்றுக்குப் போகிறது என்பதால், நல்ல நீர் குறைவாக இருக்கும் நாளில் குடத்துக்கும் சமையல் அண்டாவுக்கும் அதைக் கொடுத்துவிட்டு, கைகழுவவும் பாத்திரம் துலக்கவும் கிணற்று நீரை வைத்துக்கொள்ளுங்கள். பல்லின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயது வரை என்பதால் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் முதல் மூன்று வகுப்புகளுக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும். அவர்களுடைய நிலைத்த பற்களை இன்னும் காப்பாற்ற முடியும்.

கேள்வி கேட்டவர்

குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். மழைக்காலத்துக்கு முன் பள்ளிக்கூரைக்கு வடிகுழாயும் பத்தாயிரம் லிட்டர்த் தொட்டியும் அமைக்க ஊர்மக்கள் பணம் திரட்டுகிறார்கள். தரைத்தொட்டி, மோட்டார் பற்றிய விண்ணப்பத்தை ஊராட்சியில் கொடுத்திருக்கிறோம். கரிக்குழாயைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம். பருப்பு நீக்கிய ஓட்டுக்கரியில் அலுமினிய ஹைட்ராக்சைடைப் படியவைத்துச் சிறு குழாய்ச் சோதனை செய்யப் பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறை இசைந்திருக்கிறது; எங்கள் கிணற்று நீரையே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். மொத்த ஃபுளோரைடு, அலுமினியம் இரண்டின் அளவுகளும் கிடைத்ததும், எத்தனையாவது லிட்டரில் கரி நிறைந்தது என்ற கணக்கோடு இங்கேயே பதிவிடுகிறேன். நீராய்வகத்தாரிடம் ஒரு விளக்கம் வேண்டும்: மாதிரி எடுக்கக் கண்ணாடிக் குப்பியா, பிளாஸ்டிக் குப்பியா?

பதில்: நீராய்வகப் பணியாளர்

பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் குப்பியையே பயன்படுத்துங்கள்; ஃபுளோரைடு மாதிரியைக் கண்ணாடியில் வைக்க வேண்டாம். எடுக்கும் நீராலேயே குப்பியை மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, எத்தனையாவது லிட்டரில் எடுத்தது என்பதை மேலே எழுதி ஒட்டுங்கள். அலுமினியத்துக்கான மாதிரி தனிக் குப்பியில் இருக்க வேண்டும். அதில் சேர்க்க வேண்டிய நைட்ரிக் அமிலத்தைக் கல்லூரியிலேயே அளந்து விடச் சொல்லுங்கள், ஃபுளோரைடுக் குப்பியில் அதைச் சேர்க்கக் கூடாது.